மறதி மக்களுடையதா?

மக்களின் ஞாபகமறதியைப் பழிப்பது கணக்கெடுப்போர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. "பாமரர், சென்ற மாதம் உண்டதை இன்று கேட்டால் என்ன சொல்லப்போகிறார்கள்?" என்பர். நாம் கேட்கிறோம்: தவறு விடை சொன்னவருடையதா, வினாவை வகுத்தவருடையதா?

இந்தியாவின் தேசிய மாதிரி அளவையை எடுத்துக்கொள்வோம். 1950இல் அதனைத் தொடங்கிய மகலனோபிஸ், எத்தனை நாட் செலவைக் கேட்பதென்பதை ஊகத்துக்கு விடவில்லை. உணவை நிறுத்துப் பார்த்து, மக்கள் நினைவிலிருந்து சொன்னதோடு ஒப்பிடச் செய்தார். 30 நாட் கேள்வியே நிறுவைக்கு நெருங்கி நின்றது, அதுவே நிலைத்தது.

1990களில் 7 நாட் கேள்வி பரீட்சிக்கப்பட்டது. அதற்கு விடையளித்தோர் கூறிய உணவுச் செலவு, 30 நாட் கேள்விக்கு விடையளித்தோர் கூறியதினும் ஏறத்தாழ 30 வீதம் கூடுதலாயிருந்தது. வாரத்துக்கு முன் வாங்கியதும் நினைவில் வாரத்துக்குள் நுழைகிறது. மாதத்தைக் கேட்டாலோ சில்லறைச் செலவுகள் உதிர்ந்துபோகின்றன. ஒருவர் வயிறும் நிரம்பாமலே, கேள்வி மாறிய மாத்திரத்தில் வறியோர் தொகை ஏறக்குறைய அரைவாசியாயிற்று!

1999-2000இல் இரு கேள்விகளும் ஒரே குடும்பத்திடம் அருகருகே கேட்கப்பட்டன. ஒரு விடை மற்றதைத் தன்பால் இழுக்குமென்பதை அறியப் பேரறிவு வேண்டுமா? 1993-94இல் நூற்றுக்கு 36 பேராயிருந்த வறியோர் 26 பேராகிவிட்டனரென அரசு அறிவித்தது. இரு கணக்குகளும் ஒப்பிடத்தக்கன அல்லவென்று அபிஜித் சென் போன்ற பொருளியலறிஞர் எடுத்துக்காட்டினர். இதனைச் சூழ்ச்சியென்று நாம் கூறவில்லை. ஆயினும் பசித்தவன் கணக்கிலிருந்து மறைந்தால், உதவிப் பட்டியலிலிருந்தும் மறையும் ஆபத்து உண்டு.

பரிகாரம் இல்லாமலில்லை. சம்பள நாள், திருவிழா, அறுவடை என்று மக்கள் வாழ்வின் எல்லைக்கற்களைக் கொண்டு காலத்தை வரையறுக்கலாம். பொருள் பொருளாகக் கேட்டு, எண்ணிப்பார்க்க அவகாசம் கொடுக்கலாம். முதல் வருகையில் குறித்ததை எல்லையாக வைத்து, மறுவருகையில் அதன் பின்னர் நிகழ்ந்ததை மட்டும் கேட்கலாம். இதன் பயனை அமெரிக்காவில் நெற்றர், வாக்ஸ்பேர்க் ஆகியோர் 1964இலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். இவற்றுக்குப் பணமும் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் வேண்டும். அச்செலவுக்குக் கை சுருக்குவோர் மக்களின் மறதியைப் பழிக்க உரிமையற்றவர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! 'வறுமை குறைந்தது' என்ற முரசொலி கேட்கும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: எந்தக் கேள்விக்கு, எத்தனை நாட் கணக்குக்கு வந்த விடை இது? கேள்வியை மறைத்து எண்ணை மட்டும் நீட்டுவது விஞ்ஞானமாகாது.