‘ஓம்’ போட்டால் இலங்கைத் தமிழ் ஆகிவிடுமா?

தமிழ்நாட்டுப் படமொன்றில் இலங்கையிலிருந்து ஒருவர் வந்தால், அவர் வாய் திறந்த மறுகணம் நாலு சொல் நிச்சயம் வரும்: ‘ஓம்’, ‘கதைக்கிறன்’, ‘வாங்கோ’, ‘எண்டு’. வாக்கியத்தின் வாலைக் கொஞ்சம் இழுத்து முடித்தால் போதும், இலங்கைத் தமிழ் தயார். சப்ரகமுவவில் பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வரை வீதியின் இருபுறமும் உள்ள தோட்டங்களில் இந்தப் படங்களை ஒன்று விடாமல் பார்க்கிறோம். ஆனால் அந்த ‘இலங்கைத் தமிழர்’ பேசுவது மாதிரி ஓப்பநாயக்க தொழிலாளர் லயங்களில் ஒருவரும் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அது யாருடைய பேச்சு?

இந்தக் கேள்வியை ‘தெனாலி’யிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 2000ஆம் ஆண்டு கே.எஸ். ரவிக்குமார் இயக்கத்தில் வந்த படம். கமல்ஹாசனுக்கு யாழ்ப்பாணப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தவர் நம் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது. ஒரு முன்னணி நடிகர், கடல் கடந்த பேச்சு வழக்கொன்றைக் கற்க அந்த மண்ணின் ஆளையே தேடிப் பிடித்தார் என்பது சின்ன விஷயமில்லை. உழைப்பு ஒவ்வொரு வசனத்திலும் தெரிகிறது. ஆனால் தெனாலி எதற்கெடுத்தாலும் நடுங்கும் மனிதன். சிரிக்க வைப்பதற்கென்றே எழுதப்பட்ட பாத்திரம். பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்த சனம் பேச்சைக் கேட்டும் சிரிக்கப் பழகிவிட்டது. சென்னைக்குப் போன நம்மவர்களிடம் ‘தெனாலி மாதிரி ஒரு தடவை பேசிக் காட்டுங்க’ என்று கேட்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். நடிகர் செய்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. எந்தப் பாத்திரத்தின் வாயில் ஒரு பேச்சை முதலில் வைக்கிறோம் என்பது, அதை எவ்வளவு நன்றாகப் பேசுகிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம் என்பதற்கு இது சாட்சி.

பேச்சு வழக்கை நடிப்பவர்கள் பெரும்பாலும் சொற்களைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஒலியை விட்டுவிடுகிறார்கள். மதுரையிலோ சென்னையிலோ ‘மரம்’ என்று சொல்லும்போது கடைசி ‘ம்’ மூக்குக்குள் கரைந்துபோகும். யாழ்ப்பாணத்தவர் உதட்டை மூடி அந்த ‘ம்’மை முழுசாகச் சொல்வார். ‘நான்’, ‘அவன்’ என்பதிலும் அப்படியே. ‘ன்’ கடைசிவரை நிற்கும். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘எல’, ‘ஒடம்பு’ என்று திரியும் சொற்கள் அங்கே ‘இலை’, ‘உடம்பு’ என்றே இருக்கும். ‘வந்தவரோ?’ என்று ஓகாரத்தில் கேட்பார்கள். ‘நான் போனனான்’ என்பார்கள். வசனத் தாளில் ‘எண்டு’, ‘ஓம்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். சொல்லின் கடைசியில் உதடு மூடுவதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. அதைக் காதால்தான் கற்க வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். அமைதியான காட்சிகளில் சமாளித்துவிடும் நடிகர், அழும்போதும் கத்தும்போதும் பிறந்த ஊருக்கே திரும்பிப் போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

2025இல் வந்த அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் பேச்சே கதையின் முடிச்சு. இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம் வாய் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இலங்கைப் பேச்சை அலங்காரமாக வைக்காமல், ஒரு குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினையாக வைத்ததற்காகவே அந்தப் படத்தை மதிக்கிறேன். சசிகுமாரின் நிதானமும் பாத்திரத்துக்குப் பொருந்தியது. இருந்தும் என் காதுக்கு வாக்கியங்களின் நுனியில் வைகைக் கரை கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

என் கணிப்பில் இதுவரை மிகச் சரியாக அமைந்தது, தமிழே தெரியாத ஒருவர் எடுத்த படத்தில்தான். ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. அதில் தீபனாக வந்த ஷோபாசக்தி அல்லைப்பிட்டியில் பிறந்தவர், எழுத்தாளர். அவர் யாரையும் போலப் பேச வேண்டியிருக்கவில்லை. அவருக்கு எதிரில் நின்ற காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். சொந்த வழக்கில் பேசும் ஒருவரோடு காட்சிக்குக் காட்சி நிற்கும்போது, நடிப்பவரின் காது தானாகவே தீட்டப்படுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி தீபா மேத்தா எடுத்த ‘ஃபன்னி போய்’ 2020இல் வந்தபோது, முக்கிய பாத்திரங்களில் தமிழர் இல்லை, தமிழ் உச்சரிப்பு சிதைந்திருக்கிறது என்று கனடாவிலும் இங்கும் தமிழர்கள் எதிர்த்தார்கள். கொழும்புத் தமிழ்ப் பையன் ஒருவனின் கதையில் தமிழே தடுக்கி விழுந்தால், பார்க்கிறவனுக்கு மற்ற எதிலும் நம்பிக்கை வராது.

உச்சரிப்பை நடிப்பது நமக்குத் தெரியாத வித்தையா என்றால், இல்லவே இல்லை. இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரை நினைத்துப் பாருங்கள். மரிக்காராக வந்து முஸ்லிம்களின் தமிழில் பொளந்து கட்டியவர் எஸ். ராமதாஸ். அந்தப் பேர் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது. சிங்களம் கலந்த தமிழில் உபாலியாக வந்தவர் செல்வசேகரன். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக வந்தவர் ராஜகோபால். ஐயர் ஆத்துப் பேச்சைப் பேசியவர் அப்துல் ஹமீது. இந்து மரிக்காராகிறார், முஸ்லிம் ஐயராகிறார். கேட்டவர் யாருக்கும் அது பொய்யாகப் படவில்லை. ஏனென்றால் அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் தினம் தினம் கேட்டு வளர்ந்தவர்கள். 1976இல் அந்தத் தொடர் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. கமலுக்கு ஹமீது சொல்லிக் கொடுத்தது அந்தப் பள்ளியில் தேறிய பாடம்.

ஆனால் அந்த நால்வரிலும் தோட்டத்து ஆள் இல்லை. நாட்டின் பேச்சுகளையெல்லாம் ஒரே மேடையில் நிறுத்திய தொடரில், கொழுந்தெடுத்தவளின் பேச்சுக்கும் பால் வெட்டியவனின் பேச்சுக்கும் ஒரு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1975இல் வி.பி. கணேசன் ‘புதிய காற்று’ எடுத்துத் தோட்டத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்தார். அந்த வழி பெரிதாக வளரவில்லை. கிரிக்கெட் வீரர் முரளிதரனின் வாழ்க்கையைச் சொன்ன ‘800’ 2023இல் வந்தது. இந்திய வம்சாவளிக் கண்டித் தமிழரின் கதை; நடித்தவர் மும்பையின் மதுர் மிட்டல்.

தோட்டத்து மலையகப் பேச்சை நடிக்கப் பெரிதாக யாரும் முயலாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு நடிகருக்கு அது தன் பேச்சு மாதிரியே கேட்கும். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பேச்சுதானே, இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எட்ட இருக்கும் வழக்கை நடிப்பது ஒருவகையில் சுலபம். பிடித்துக்கொள்ள ‘ஓம்’, ‘எண்டு’ என்று கொளுக்கிகள் கிடைக்கும். பக்கத்து வழக்கில் அப்படி எதுவும் இல்லை. இருநூறு ஆண்டு இடைவெளியில் நுணுக்கமாக விலகிய ஒலிகள் மட்டுமே இருக்கும்.

இங்கே கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று கேட்டால் போதும். ‘பெரட்டுக்குப் போனேன், அரப் பேருதான் போட்டாங்க. இன்னைக்கும் கிலோ கழிச்சிட்டாங்க நே’ என்று ஒரு அக்கா சொல்வார். ‘போட்டாங்க’ தமிழ்நாட்டிலிருந்து வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும், அரை நாள் சம்பளமான அரைப்பேரும் தோட்டத்தில் பிறந்தவை. கடைசி ‘நே’ சிங்களத்திலிருந்து வந்து உட்கார்ந்தது. அந்த ‘நே’யில் குரல் மேலே ஏறாது, மெதுவாக இறங்கும். கேள்வியும் இல்லை, முறைப்பாடும் முழுசாக இல்லை. சப்ரகமுவவில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் இவை; எத்தனையோ பிள்ளைகள் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். ஹட்டன்காரர் காதுக்கே எங்கள் இழுவை வேறாகக் கேட்கும். தெளிவத்தை ஜோசப்பும் என்.எஸ்.எம். ராமையாவும் மலையகப் பேச்சைக் கதைகளில் காப்பாற்றி வைத்தார்கள். திரைக்கு அது பெரிதாக வந்து சேரவில்லை.

இது வெறும் இரசனைப் பிரச்சினை இல்லை. தமிழருக்கு எதிரான கலவர நாட்களில் கும்பல்கள் வீதியில் மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்து ‘வா’ என்று வந்துவிட்டால் தமிழன். 1977, 1983 கலவரங்களைப் பார்த்த இந்தப் பகுதியில், பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று பிள்ளையின் கையைக் கிள்ளிய தாய்மார் இருந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சிங்களம் பேசக் கற்ற எங்கள் பெரியவர்கள் எந்தத் திரைக்காகவும் அதைக் கற்கவில்லை. சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தில் உடைந்த சிங்களம் பேசும் தோட்டத்து வேலைக்காரர் வந்து சிரிப்பு மூட்டும்போது, அந்த மனிதர்களின் காதால் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளியுலகில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தாலும் பாடம் கிடைக்கும். ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் டிக் வான் டைக் பேசிய இலண்டன் தொழிலாளர் பேச்சு 1964 முதல் கேலிக்கு ஆளானது. 2017இல் அவர் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மறுபக்கம் ஹியூ லோரி. 2004இல் தொடங்கிய ‘ஹவுஸ்’ தொடரில் எட்டு ஆண்டுகள் அமெரிக்க வைத்தியராக நடித்த அவர் ஆங்கிலேயர் என்று பல அமெரிக்க ரசிகர்களுக்கு வெகுநாள் தெரியாது. அவர்களின் திரைத்துறையில் உச்சரிப்புப் பயிற்சியாளர் என்று தனி ஆள் இருப்பார், சம்பளம் இருக்கும், பெயர்ப் பட்டியலில் இடமும் இருக்கும். தமிழ்ப் படத்தில் அந்த வேலையை எப்போதாவது ஒரு நண்பரோ உதவி இயக்குநரோ செய்கிறார்.

இந்த மலைகளில் தேயிலைப் பச்சைக்காகவும் மூடுபனிக்காகவும் இனியும் படப்பிடிப்புக் குழுக்கள் வரும். வரட்டும். வரும்போது லயத்திலிருந்து ஓர் ஆளை வசனம் எழுதும் மேசைக்குக் கூப்பிடுங்கள். படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்பே நடிகரை மடுவத்துக்கு அனுப்பிக் கேட்க வையுங்கள். நடிகரால் முடியாவிட்டால் பின்னணிக் குரலுக்கு எங்கள் பெண்களில் ஒருத்தியைக் கொழும்பு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழையுங்கள். அந்த நாளுக்கு அரைப்பேர் போடாமல் முழுச் சம்பளம் கொடுங்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடுங்கள்.