காருக்குள் குளம்

மழை விட்டு இரண்டு நாளாகியும் காருக்குள் நனைந்த சாக்கு வாடை அடிக்கிறதா? கால்மிதியைத் தூக்கிவிட்டுக் கீழேயுள்ள கார்ப்பெட்டைப் பலமாக அழுத்திப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். இந்தக் காலத்துக் கார்களில் மின்சாரக் கம்பிகள் ஓடுவதும் அங்கேதான். தகரம் துருப்பிடிக்கும், கம்பிகளின் இணைப்பு கெடும். வாசனைச் சீசாவை வாங்கி மாட்டிப் பிரயோஜனமில்லை, சகோதரிகளே!

"கதவு ரப்பர் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்று பட்டறையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சற்றுப் பொறுங்கள். எந்தெந்த நாளில் நனைகிறது என்பதை ஒரு வாரம் கவனியுங்கள். தினமும் ஏறி இறங்குகிற உங்களுக்குத் தெரிவது மெக்கானிக்குக்குத் தெரியாது.

வெயில் கொளுத்தும் நாளிலும் முன் ஸீட்டில் காலடி நனைந்தால், மழைமீது பழி போடாதீர்கள். ஏ.ஸி. ஓடும்போது உள்ளே சேரும் நீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே வழியும். விரலில் பிசுபிசுத்து, தித்திப்பு வாடையும் நிறமும் இருந்தால் அது தண்ணீரே அல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். விஷம்! குழந்தைகளை அருகே விடாமல் உடனே பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

மழையன்று மட்டும் நனைகிறதென்றால், காரை வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் முதலில் வைப்பருக்குக் கீழேயுள்ள சல்லடையைப் பார்க்க வேண்டும். அங்கே சருகு அடைத்தால், ஓரத்துத் துவாரங்களால் வெளியேற வேண்டிய நீர் தேங்கி, காற்று நுழையும் வழியாக உள்ளே இறங்கிவிடும். கையால் அள்ளிப் போட்டால் தீர்ந்தது, காலணா செலவில்லை.

கதவின் வயிற்றுக்குள் மழைநீர் இறங்குவது சகஜம் என்றால் நம்புவீர்களா? கண்ணாடி ஓரமாக இறங்கி, அடி விளிம்பிலுள்ள துவாரங்களால் அது வெளியே போய்விடும். உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அதை நம் பக்கம் வராமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் அதைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால், புது ரப்பர் என்ன செய்யும், பாவம்! கூரை ஜன்னல் வைத்த கார்களில் மூலைக் குழாய்கள் அடைபடுவதுண்டு. கூரைத் துணியில் கறை படிந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.

இன்னும் புலப்படவில்லையா? உள்ளே நன்றாக உலர்த்திப் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். மற்றவர் குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக, கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிஷம் விடட்டும். எடுத்த எடுப்பில் கூரைமேல் கொட்டினால், எங்கே நுழைந்தது என்றே தெரியாது.

2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் முழுகிய கார்களின் கதை வேறு. அப்படிப்பட்ட காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. வெறும் கசிவுதான் என்றால், ஓட்டையை அடைத்த பிறகு கார்ப்பெட்டை உயர்த்திக் கட்டை கொடுத்து, பஞ்சு காயும்வரை மின்விசிறியை ஓடவிடுங்கள். ஸீட்டுக்கடியில் மஞ்சள் உறை போட்ட கம்பி தென்பட்டால் இழுக்காதீர்கள். அது காற்றுப்பையைச் சேர்ந்தது.