சீரமைக்கப்படும் வளாகங்கள், கணக்கில் வராத குழிகள்

அலுவலகக் கட்டடம் ஒன்றின் சுவரில் மூலைவிட்டமாக விரிசல் ஓடினால், நிர்வாகம் முதலில் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்கிறது. அடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போகிறது. பின்னர் ஊழியர்கள் வேறு தளத்துக்கு மாற்றப்படுகிறார்கள். சீரமைப்புப் பணிகள் நடைபெறுவதாக அறிவிப்புப் பலகை வைக்கப்படுகிறது. இந்த வரிசையில் எங்கும் பெயர் வராத ஒருவர் இருக்கிறார். அந்தக் கட்டடத்தின் அடியில், அதன் முழு எடையும் தலைக்கு மேல் நிற்க, குழிக்குள் இறங்கி மண்ணை வெட்டப் போகிறவர். சட்டம் அவரை எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இக்கேள்வி இனி அடிக்கடி எழும். ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. அடுத்த பத்தாண்டில் எழுந்த ஆலைகளும் நிர்வாகக் கட்டடங்களும் இன்று நாற்பது வயதை எட்டிவிட்டன. மறுபுறம் சூளகிரி, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் புதிய வளாகங்கள் மிக விரைவாக எழுந்துள்ளன. இது மேடும் பள்ளமுமான நிலம். சில இடங்களில் சில அடி ஆழத்திலேயே கெட்டிப் பாறை தட்டும். பெரிய வளாகத்துக்காக இந்நிலத்தைச் சமப்படுத்தும்போது மேட்டை வெட்டிய மண் பள்ளத்தில் கொட்டப்படுகிறது. கட்டடத்தின் ஒரு பாதி பாறைமீதும், மறுபாதி நிரப்பிய மண்மீதும் நிற்கிறது. நிரப்பு மண் உரிய முறையில் இறுக்கப்படாவிட்டால் அந்தப் பாதி மட்டும் மெல்லத் தாழும். விரிசல் அங்கிருந்தே தொடங்குகிறது. ஏரிகளையும் நீர்வழிகளையும் மூடி எழுப்பிய கட்டடங்களில் இச்சிக்கல் இன்னும் கூடுதல்.

புதிய கட்டுமானத்தைவிட அடித்தளச் சீரமைப்பு ஆபத்தானது. காலி மனையில் வானம் தோண்ட இயந்திரம் வரும். நிற்கும் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே அது நுழைய முடியாது; நுழைந்தாலும் அதன் அதிர்வு விரிசலைப் பெரிதாக்கும். எனவே பழைய கடைக்காலின் அடியில் சிறு சிறு பகுதியாகக் கையால் மண்ணெடுத்து, முட்டுக் கொடுத்து, புதிய கான்கிரீட்டை வார்த்துக்கொண்டே போக வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, பாண்டுச் சட்டி ஆகியவையே கருவிகள். அலுவலகம் பகலில் இயங்குவதால் வேலை பெரும்பாலும் இரவுக்குத் தள்ளப்படுகிறது. ஒரு கன மீட்டர் ஈரமண்ணின் எடை ஏறத்தாழ 2 டன். மார்பளவு மண் சரிந்தாலே போதும், மூச்சு விட இயலாது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிகளின் பக்கவாட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அகழ்வுப் பணிக்கான இந்தியத் தரநிலை கூறுகிறது. கட்டை வாங்கும் செலவு யாருடையது என்பது மட்டும் பல துணை ஒப்பந்தங்களில் எழுதப்படுவதே இல்லை.

சென்னையில் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அவர்களில் பலர் ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். நீதிபதி இரகுபதி ஆணையம் அமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தத் தகர்ப்பைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் வணிகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டப்பட்ட ஏறத்தாழ 50 அடிப் பள்ளத்தின் கரை சரிந்தது. அதில் விழுந்து இறந்த இருவரின் உடல்கள் நான்கு நாட்களுக்குப் பிறகே வெளியே வந்தன. அவர்களுள் ஒருவர் அந்தக் கட்டுமானத்துக்குத் தொடர்பே இல்லாத, பக்கத்து எரிவாயு நிலைய ஊழியர். இவை இரண்டும் புதிய கட்டுமானங்கள். செய்தியாகும் அளவுக்குப் பெரியவை. ஓடிக்கொண்டிருக்கும் வளாகத்துக்குள் இரவில் ஒற்றை ஆள் மண்ணில் புதைந்தால், வாயிற்கதவுக்கு வெளியே அது எந்த வடிவில் வரும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், கட்டுமானத்தோடு மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், பராமரிப்பு, இடித்தல் ஆகியவற்றையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே சீரமைப்பும் அதற்குள் அடங்கும். வேலை தொடங்க 30 நாட்களுக்கு முன் ஆய்வாளருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்றது அதன் 46ஆவது பிரிவு. ஆனால் அதே வரையறையின் கடைசி வரியில் ஒரு விலக்கு இருந்தது: தொழிற்சாலைச் சட்டமோ சுரங்கச் சட்டமோ பொருந்தும் கட்டுமானப் பணி இதில் சேராது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலை கட்டும் வேலையே தொழிற்சாலை வேலைதான் என்று வாதிட்டு, நல வரியிலிருந்து தப்ப நிறுவனங்கள் முயன்றன. லான்கோ அன்பரா மின் நிறுவன வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. உற்பத்தி தொடங்கும்வரை அது கட்டுமானமே, அங்குள்ளோர் கட்டடத் தொழிலாளர்களே என்றது தீர்ப்பு.

நல்ல தீர்ப்பு. ஆனால் உற்பத்தி தொடங்கிய பிறகு? பத்தாண்டுகளாக இயங்கும் ஆலையின் நிர்வாகக் கட்டடம் தாழ்கிறது. அதன் அடியில் குழி தோண்டப்படுகிறது. தொழிற்சாலை என்பது அதன் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய வளாகம் என்பதால், அந்தக் குழியும் தொழிற்சாலைக்குள்தான் இருக்கிறது. மதிற்சுவருக்கு வெளியே, மென்பொருள் நிறுவனத்தின் கட்டடத்தில் இதே விரிசல், இதே குழி, இதே மேஸ்திரி என்றால் அவர் கட்டடத் தொழிலாளி. மதிலைத் தாண்டி உள்ளே வந்ததும் அவருடைய சட்டப் பெயர் தகராறுக்கு உரியதாகிவிடுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தத் தகராறைத் தீர்த்திருக்கலாம், மாறாக அகலப்படுத்தியிருக்கின்றன. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் புதிய வரையறை, தொழிற்சாலை அல்லது சுரங்கம் தொடர்பான கட்டுமானப் பணியையே வெளியே நிறுத்துகிறது. தொழிற்சாலைச் சட்டம் ‘பொருந்தும்’ பணி என்ற பழைய கட்டுப்பாடு போய்விட்டது. லான்கோ தீர்ப்பு நின்றது அந்தப் ‘பொருந்தும்’ என்ற சொல்லின் மேல்தான். குழிக்குள் இறங்குபவரைத் தன் தொழிற்சாலைத் தொழிலாளி என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால் பாதுகாப்பு வேறு வழியில் வந்து சேரும். எந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளப் போகிறது?

இத்துடன் எண்ணிக்கை வரம்புகளும் சேர்கின்றன. கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 பேருக்குக் குறைவான இடத்தில் முன்பும் பொருந்தவில்லை, இப்போதும் பொருந்தாது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பு 20ஆக இருந்தது. புதிய தொகுப்பில் அது 50. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பு 5ஆக இருந்தது, இப்போது 10. அடித்தளச் சீரமைப்பின் தன்மையை மறுபடி நினைவில் கொள்ளுங்கள்: சிறு குழி, சிறு குழு, சில வார வேலை. வளாக நிறுவனம் பெரிய கட்டுமான நிறுவனத்திடம் கொடுக்கிறது. அது அடித்தள வேலையில் தேர்ந்த மற்றொன்றிடம் தள்ளுகிறது. அது ஒரு மேஸ்திரியிடம் விடுகிறது. மேஸ்திரி அழைத்துவருவது ஏழெட்டுப் பேரை. சட்டத்தின் ஒவ்வொரு வரம்புக்கும் கீழே, அந்தக் குழியைப் போலவே, அவர்கள் இருக்கிறார்கள்.

உயிர் போன பிறகு எழும் இழப்பீட்டு வழக்கிலும் இதே கதைதான். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கு முதன்மை முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. நிபந்தனை ஒன்று உண்டு: அந்த வேலை முதன்மை முதலாளியின் தொழிலில் வழக்கமாக இடம்பெறும் வேலையாக இருக்க வேண்டும். நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம், வானம் தோண்டுவது எங்கள் தொழிலல்ல என்பது எதிர்மனுக்களில் ஆயத்தமாக இருக்கும் பத்தி. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த நிபந்தனையைக் கைவிடவில்லை. இறுதியில் மேஸ்திரி மட்டுமே பொறுப்பாளி ஆகிறார். அவரும் பெரும்பாலும் இறந்தவரின் தெருக்காரர். தீர்ப்பு வந்தாலும் அவரிடம் வசூலிக்க என்ன இருக்கிறது?

ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, அரூர் வட்டாரச் சேரிகளிலிருந்து ஒசூருக்கும் பெங்களூருக்கும் மண்வேலைக்குப் போவது தலைமுறை கடந்த வழக்கம். ஆண் குழி வெட்டுவார். பெண் சித்தாளாக மண் சுமப்பார். வேலை பழக்கப்படுத்தப்பட்டுக் கொத்தனாராகவோ கம்பி கட்டுபவராகவோ உயர்பவர்கள் யார், குழியிலேயே நின்றுவிடுபவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தால் ஊர்ப் பிரிவும் சேரிப் பிரிவும் கட்டுமானத் தளத்திலும் தெரியும். ஊத்தங்கரை தனித் தொகுதி. ஆனால் அத்தொகுதியின் தலித் தொழிலாளர்கள் எத்தனை பேர் கட்டுமானக் குழிகளில் இறந்தார்கள் என்ற கணக்கைச் சட்டமன்றத்தில் கேட்டால் பதில் சொல்ல எந்தத் துறையிடமும் பதிவேடு இருக்காது. விபத்து அறிவிப்புப் படிவத்தில் சாதிக்கு இடமில்லை.

இந்த இடத்தில் சாக்கடைக் குழி மரணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அம்மரணங்களும் ஒரு காலத்தில் வெறும் விபத்துகளாகத்தான் எழுதப்பட்டன. சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் போன்ற இயக்கங்கள் ஊர் ஊராகச் சென்று பெயர்களைத் திரட்டின. 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாதியோடு கட்டுண்ட மரணம் அது என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சில அடி தள்ளி, அதே வளாகத்தில், அதே சேரியிலிருந்து வந்தவர் அடித்தளக் குழியில் மூச்சுத் திணறி இறந்தால் அது இன்றும் தற்செயல். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று தனியார் மதிற்சுவர் சரிந்து 17 தலித்துகள் உறக்கத்தில் புதைந்தபோதும் முதலில் சொல்லப்பட்ட காரணம் மழைதான். அதைத் தீண்டாமைச் சுவர் என்று மக்கள் அழைத்த பிறகே, சுவர் ஏன் அவ்வளவு உயரம், யாரை மறைக்க என்ற கேள்விகள் பொதுவெளிக்கு வந்தன.

நிதி இல்லை என்பது காரணமல்ல. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நல வரியாக வசூலிக்கப்படுகிறது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டும், செலவிடப்பட்டது சுமார் 9,500 கோடிதான் என்பது 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் முன் வெளிப்பட்டது. அந்தச் செலவிலும் மடிக்கணினிகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்டதை நீதிமன்றம் கண்டித்தது. சலவை இயந்திரம் ஒதுக்கியவர்களுக்கு முட்டுக்கட்டை தோன்றவில்லை.

எல்லை தாண்டி நடக்கும் மரணத்தில் குடும்பம் இன்னும் தனித்துவிடுகிறது. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில் பத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் கருகினர். தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் மாவட்டங்களின் பிள்ளைகள். பலர் விடுமுறைக் கூலிக்குப் போன மாணவர்கள். வழக்கு கர்நாடகத்தில், குடும்பம் இங்கே. விபத்து அங்கு நடந்ததால் இழப்பீட்டு மனுவும் அங்குதான் என்று பலர் நம்பிக் கைவிடுகிறார்கள். அது உண்மையல்ல. இழப்பீட்டுச் சட்டத்தின் 1995 திருத்தம், மனுதாரர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுச் செய்ய உரிமை தந்தது. பெங்களூரு வளாகத்தில் இறந்தவரின் மனைவி ஊத்தங்கரையிலிருந்தே வழக்கு நடத்தலாம்.

மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் உள்ளது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் மாநிலத்தின் சொந்தச் சட்டம். கட்டட வேலை அதன் அட்டவணையில் இருக்கிறது. அதன் கீழ்த் திட்டம் வகுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. இயங்கும் வளாகத்துக்குள் நடக்கும் எந்த அடித்தளப் பணிக்கும், ஒரே ஆள் இறங்கினாலும், முன்னறிவிப்பும் பெயர்ப் பட்டியலும் கட்டாயம் என்று அத்திட்டத்தில் எழுத மத்தியத் தொகுப்புகள் தடையாக நிற்பதாக நான் கருதவில்லை. நிறுவனங்கள் நீதிமன்றம் போகும், போகட்டும். அந்த வாதத்தைத் திறந்த மன்றத்தில் கேட்பதும் நமக்குப் பயன்தான்.

அதுவரை கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 46ஆவது பிரிவின்படி வந்த முன்னறிவிப்புகள் எத்தனை, அவற்றில் பழுதுபார்ப்புக்கும் சீரமைப்புக்கும் உரியவை எத்தனை, வளாகவாரியாக வசூலான நல வரி எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதே காலத்தில் மண் சரிந்து இறந்தோர் பற்றிக் காவல் நிலையங்களில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளையும் தனியே கேளுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இறப்பு நடந்தும் அறிவிப்பே வராத வளாகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவர்களின் ஊர்ப் பெயர்களை வைத்துத் தெருவுக்குச் சென்றால் மீதிக் கணக்கை அவர்களின் வீட்டார் சொல்வார்கள்.