வாய்க்குத் தமிழ், பேரேட்டுக்கு இங்கிலீஷ்

பட்டர்வொர்த் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, புள்ளையத் தமிழ்ப் பள்ளியில போட்டா இங்கிலீஷ் வருமா?"

கேட்பதில் தப்பே இல்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ்காரர், சீனர், இந்தியர் என்று கப்பலுக்குக் கப்பல் ஆள் வேறு. கரையோடு வானொலியில் பேசுவதோ ஆங்கிலம். அதற்கென்றே 2001இல் அனைத்துலகக் கடல்சார் அமைப்பு ஆங்கிலச் சொற்றொடர்களை வகுத்து வைத்திருக்கிறது. பிறை தொழிற்பேட்டைக்கு வேலை கேட்டுப் போகும் நம் பிள்ளைகளும் நேர்முகத்தில் அந்த மொழியில்தான் திக்குகிறார்கள்.

இந்த மவுசு அந்த மொழியின் அழகால் வந்ததல்ல. கப்பலும் கடையும் யார் கையிலோ, அவர்கள் மொழி ஏறும். சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அன்று இந்தக் கடலில் நம் வணிகருக்கும் இடமிருந்தது. மலாய்க்காரர் சொல்லும் 'காப்பால்', 'கெடாய்' எல்லாம் நம் கப்பலும் கடையுந்தானே!

வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படித்த கதை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்ட நிருவாகிகளுக்கென 1919இல் அமைந்த சங்கம் அவர்களுக்குத் தமிழ்ப் பரீட்சையே நடத்தி வந்தது. பெரட்டில் நின்று "மரத்துல ஏன் காயம்?" என்று அதட்ட அந்தத் தமிழ் போதும். ஆனால் செக்ரோல் ஆங்கிலத்தில். எத்தனை ராத்தல் பால், எத்தனை நாள் பேர், எவ்வளவு பிடித்தம் எல்லாம் துரைக்கும் கிராணிக்கும் மட்டும் தெரிந்த மொழியில். தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளியோடு சரி. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது.

துரை போய்விட்டார். பேரேடு போகவில்லை. 2020 செப்டம்பரிலும் டிசம்பரிலும் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன என்று சொல்லி, இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. கடப்பிதழைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது எல்லாம் அந்தக் குற்றச்சாட்டில் இருந்தன. ஆங்கிலத்தில் எழுதியதால்தான் அது அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் யாரைப் பற்றி எழுதினார்களோ, அந்தத் தொழிலாளரில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடிந்திருக்கும்?

"அப்போ எல்லாப் பாடத்தையும் இங்கிலீஷ்லயே சொல்லிக் குடுத்துடலாமே" என்பார்கள் சிலர். செய்துதான் பார்த்தார்களே! 2003இல் முதலாம் ஆண்டிலிருந்தே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப் பள்ளியும் தப்பவில்லை. கடையில் சாமான் வாங்கிக் கால், அரை, முக்கால் தெரிந்த பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்யும்? கணக்கும் வராது, இங்கிலீஷும் வராது. பட்டணத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இடைவெளி கூடிவிட்டதென்று அரசாங்கமே சொல்லி, 2009 ஜூலையில் திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. 2016இல் வேறு பெயரில், இருமொழித் திட்டம் என்று, மறுபடி வந்தது. இதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு அந்த அளவு ஆங்கிலம் வருமா? ஆங்கிலப் பாட வேளைக்கு அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் பள்ளியில் இருக்கிறாரா? இல்லையென்றால் அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்துத் தாய்மார் சேர்ந்து எழுந்து நின்றால் தலைமையாசிரியரும் மேலே எழுதிப் போடுவார். கணக்கைத் தமிழிலும் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவும் படிக்கட்டும்.

அடுத்த முறை நாங்கள் தோட்டத்துக்கு வரும்போது சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள். அதிலுள்ள ஆங்கிலச் சொற்களை உங்கள் மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்வோம். எது பிடித்தம், எது மிகுநேரச் சம்பளம் என்று வரிவரியாகத் தமிழில் எழுதி, சீட்டின் பின்பக்கத்திலேயே ஒட்டி வைப்போம்.