ஆற்றை அசுத்தமாக்கியது நாங்களா?

நமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில், நானு ஓயாவுக்கு இறங்கும் பாதையில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். "ஆற்றை அசுத்தம் செய்யாதீர். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்துத்தான் பெரிது. பலகைக்குச் சற்று மேலே மலையிலிருந்து வரும் கான் ஓயாவில் விழுகிறது. புல்லு மருந்து அடித்த மறுநாள் மழை பெய்தால் அந்தக் கானில் என்ன வருகிறது என்பதற்குப் பலகை இல்லை.

நானு ஓயா பெரிய ஆறு அல்ல. நுவரெலியாவில் கிரகறி வாவிப் பக்கமிருந்து இறங்கி, மரக்கறித் தோட்டங்களையும் தேயிலை மலைகளையும் கடந்து, கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலிக்குப் போகிறது. மலைநாட்டில் இப்படி எத்தனையோ சிற்றாறுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு லயம், ஒரு பீலிக்கரை. நாடு குடிக்கும் தண்ணீரும் நாடு எரிக்கும் மின்சாரமும் நமது லயத்துக் காம்பராக்களின் ஓரமாகத்தான் போகின்றன. தலவாக்கலையில் அணை கட்டி 150 மெகாவொற் மேல் கொத்மலைத் திட்டத்தை 2012இல் திறந்தார்கள். சென் கிளயார் அருவி வற்றிவிடக்கூடாது, பார்க்க வருபவர்கள் ஏமாந்துவிடக்கூடாது என்று, பகலில் குறித்த நேரம் அருவிக்குத் தண்ணீர் விட ஏற்பாடும் செய்தார்கள். நல்லது. அருவியைப் பார்ப்பவருக்குக் கணக்குப் பார்த்துத் தண்ணீர் விடத் தெரிந்த நாட்டில், பீலியில் குடம் வைத்து நிற்பவருக்கு என்ன தண்ணீர் வருகிறது என்று பார்க்க ஆளில்லை.

இப்போது குற்றச்சாட்டுக்கு வருவோம். மருந்து டேங்கை ஆற்றில் கழுவுகிறார்கள் என்கிறது நிர்வாகம். உண்மை, கழுவுகிறார்கள். மலையில் டேங்க் கழுவ வேறு இடம் எங்கே கட்டித் தந்தீர்கள்? காலையில் பெரட்டில் பேர் சொல்லி, மருந்தைக் கையில் கொடுத்து, இத்தனை டேங்க் முடித்தால்தான் பேர் என்று அனுப்பியவர்கள் தண்ணீரும் அனுப்பவில்லை, சவர்க்காரமும் அனுப்பவில்லை. மருந்து அடிக்கும் தம்பி ஓயாவில் இறங்கிக் கை கால் கழுவுகிறான். கீழே அவனுடைய பெண்சாதி துணி அலசுகிறாள். அதற்கும் கீழே பிள்ளைக் காம்பராவுக்குக் குழாய் போகிறது. தன் பிள்ளைக்குத் தானே நஞ்சு கலந்து கொடுக்க எந்தத் தகப்பனுக்கு ஆசை?

கிளைபொசேட்டை 2015இல் நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். வயலுக்கு ஆகாது என்று சொன்ன மருந்து, லயத்துக்கு மேலே உள்ள மலைக்கு ஆகும் என்றானது. அந்த முடிவை எடுக்கும்போது பீலிக்கரையில் யாரையும் கேட்கவில்லை.

அடுத்தது கக்கூஸ். குழி நிரம்பிக் கானில் வழிகிறது, கான் ஓயாவுக்குப் போகிறது. இதுவும் உண்மை. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், ஒரு குடும்பத்துக்குக் கட்டிய காம்பராவில் இன்று மூன்று குடும்பம் இருக்கிறது. சொந்தச் செலவில் ஒரு குழி வெட்டலாம் என்றால் நிலம் நமதல்ல. ஆபிஸில் கடிதம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அனுமதி வருவதற்குள் குழி நிரம்பிவிடுகிறது. 200 வருடமாக இந்த மண்ணில் இருப்பவர்களுக்குக் கக்கூஸ் குழி வெட்டும் அளவு நிலத்துக்குக்கூட உறுதி கிடையாது. ஆற்றின் சுத்தமும் காணி உரிமையும் வெவ்வேறு பிரச்சினை என்று சொல்பவர்கள் லயத்துக்குப் பின்னால் வந்து நின்று பார்க்கட்டும்.

குப்பையைப் பற்றியும் சொல்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தில் வேலை செய்ய முடியாது என்று முப்பது வருடம் கையை விரித்தார்கள். நமது வாக்கை வாங்கிக்கொண்டு சபைக்குப் போனவர்களும் அதையே சொன்னார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இப்போது என்ன சாட்டு? குப்பை லொறி இன்னமும் டவுனோடு திரும்பிவிடுகிறதே!

நாம் மட்டும் யோக்கியர்கள் என்று எழுத வரவில்லை. பம்பர்ஸை ஆற்றில் போடுவது கம்பனி அல்ல. ஷம்பு பக்கட், சிலி பேக், சாராயப் போத்தல், ஓயாக் கரை வரை லீக்ஸ் போட்டுக் கோழி எரு கொட்டுவது, இதெல்லாம் நமது கை. சங்கத்துக்கும் பங்குண்டு. சம்பளம், கிலோ, அரைப் பேர் என்று எத்தனை கூட்டம் போட்டோம். பீலித் தண்ணீரைப் பற்றி ஒரு தீர்மானம்கூட நிறைவேற்றியதில்லை. போன கூட்டத்தில் இதைப் பேசியபோது, "சம்பளத்துக்கே வழியில்லை, ஆறு எதற்கு?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றோட்டம் வந்து இரண்டு நாள் படுத்தால் இரண்டு பேர் போய்விடுகிறது. பிள்ளைக்கு வந்தால் தாய்க்கும் சேர்த்துப் பேர் போகிறது. கொழுந்து நிறுக்கும் தராசில் ஏமாற்றினால் சண்டை போடுகிறோம். தண்ணீரில் போகும் சம்பளத்துக்கு ஏன் பேசாமல் இருக்கிறோம்?

கொதிக்க வைத்துக் குடி என்று சொல்வதோடு எல்லோரும் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கட்டாயம் கொதிக்க வையுங்கள். ஆனால் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். புல்லு மருந்தையும் கேத்தல் பிரித்து எடுத்துவிடாது. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ-கோலி கிருமிகூட இருக்கக்கூடாது என்பது இலங்கைத் தர நிர்ணயம். நமது பீலியில் எத்தனை இருக்கிறது? கடைசியாக எப்போது பார்த்தார்கள்? யாரிடம் இருக்கிறது அந்தக் காகிதம்?

அந்தக் காகிதத்தைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும், பிரதேச சபையிலும், மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பரிசோதனையே செய்யவில்லை என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு ஆயுதம்தான்.

தவளைப் படம் போட்ட சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். நீரோடைக்குப் பக்கத்தில் மருந்து அடிக்காமல் இடைவெளி விட வேண்டும் என்பது அந்தச் சான்றிதழின் விதி. ஆடிட் வருகிற நாளில் எல்லாம் சரியாக இருக்கும், கையுறைகூடக் கிடைக்கும். அடுத்த வாரம் எத்தனை அடி விட்டு அடித்தார்கள் என்பது மருந்து அடித்தவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை எழுதிவைக்க இதுவரை யாரும் இல்லை.

எழுதப்போகிறோம். ஓயாவின் சுகத்தைப் பார்க்க எல்லாவற்றுக்கும் இயந்திரம் தேவையில்லை. நீரோட்டத்தில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பாருங்கள். மூன்று வாலுள்ள சிறு பூச்சிகளும், மணலையும் பொடிக் கல்லையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்களும் இருந்தால் தண்ணீரில் இன்னும் உயிர்க்காற்று இருக்கிறது. அவை போய், சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஆறு நோயாளி. நண்டு பிடித்துத் திரிந்த நமது பெரியவர்களுக்கு இது சொல்லித் தரத் தேவையில்லை. எந்த வருடத்திலிருந்து நண்டு குறைந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதினாலே பாதிக் கணக்கு வந்துவிடும். பூச்சி சொல்லாததை, அதாவது கிருமியையும் மருந்தையும், ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அதற்கான செலவை நிர்வாகமும் அரசாங்கமும் ஏற்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

மாதத்தின் முதல் ஞாயிறு, பாலத்தடி, பீலிக்கரை, ஸ்டோருக்குக் கீழே என்று மூன்று இடம். ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். படிக்கும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், எழுத அவர்கள் உதவுவார்கள். தண்ணீரின் நிறம், நாற்றம், கல்லுக்கடியில் கண்டது, அந்த வாரம் எந்த மலையில் என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை வீட்டில் வயிற்றோட்டம் என்று எழுத வேண்டும். மருந்து அடித்தவரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம், அவருக்கு வேலைப் பிரச்சினை வரும். கொப்பி மாதர் சங்கத் தலைவியிடம் இருக்கும். ஆபிஸில் கேட்டால் போட்டோ பிரதி கொடுங்கள், கொப்பியைக் கொடுக்காதீர்கள்.