அட்டெயின்மென்ட் 2.41

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியை பஸ் ஜன்னலில்தான் பார்த்திருப்பார்கள். காரவள்ளியில் தொடங்கப்போகும் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கும்போதே எங்கள் ஊர் கடந்துவிடும். அங்கே என் சித்தப்பாவுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. பெரிசெல்லாம் இல்லை.

தீவன விலை ஏறி முட்டை விலை இறங்கியிருந்த ஒரு வாரம், லீவுக்குப் போயிருந்தேன். எம்பிஏ முடித்த சித்தப்பா மகளும் வீட்டில் இருந்தாள். அவர் அவளிடம் கேட்டார்: "ஏன் கண்ணு, பழைய கோழிய இப்பவே வித்துடலாமா, இன்னும் ரெண்டு மாசம் வெச்சுப் பாக்கலாமா?"

அவள் ஒரு தாளை எடுத்து நாலு கட்டம் போட்டாள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். மூன்றாவது கட்டம் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். நூறு கோழிக்கு ஒரு நாளைக்கு 11 கிலோ தீவனம். கிலோ 30 ரூபாய் என்றால் 330. நூறு கோழி போடுவது 80 முட்டை. அன்றைக்குக் கைக்கு வரும் விலை 4 ரூபாய் 60 காசு, ஆக 368. மருந்துக்கும் ஆள் கூலிக்கும் 20 போனால் 18 ரூபாய் நிற்கிறது. "4 ரூபா 35 காசுக்கு வந்துட்டா அன்னைக்கே வண்டிக்குச் சொல்லிடுவேன். அதுவரைக்கும் கெடக்கட்டும்."

"ஷெட்டு லோன் வட்டி சேக்கலையேப்பா? அதைச் சேத்தா இப்பவே நட்டம்தானே?" என்றாள்.

"அது கோழி இருந்தாலும் கட்டணும், இல்லாட்டியும் கட்டணும். இந்தக் கணக்குல அதுக்கு என்ன வேலை?"

அவளைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவள் மார்ஜினல் காஸ்டிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவள், உண்மையாகவே படித்து வாங்கியவள். பரீட்சையில் கேள்வி எப்படி வரும்? நிலையான செலவு இவ்வளவு, மாறும் செலவு இவ்வளவு, சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடி. எது நிலையானது, எது மாறுவது என்று கேள்வித்தாளே பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. பண்ணையில் அந்தப் பெயரை ஒட்டுவதுதான் வேலையே. அதற்கப்புறம் இருப்பது வெறும் கழித்தல்.

அன்று ராத்திரி அவள் கல்லூரி இணையதளத்தில் தேடினேன். அவள் பேட்ச்சின் கோப்பு கிடைத்தது. 'தரவின் அடிப்படையில் முடிவெடுக்கத் தேவையான பகுப்பாய்வு, விமர்சனச் சிந்தனை': அட்டெயின்மென்ட் 2.41. மூன்றுக்கு.

இந்த 2.41 எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். என் முதல் வேலையே அதைக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதுவதுதான்.

கதை இதுதான். தொழில்நுட்பக் கல்விக்கு அங்கீகாரம் கொடுக்க 1994-ல் நேஷனல் போர்டு ஆஃப் அக்ரெடிட்டேஷன், சுருக்கமாக என்பிஏ, தொடங்கப்பட்டது. 2014-ல் இந்தியா வாஷிங்டன் அக்கார்டில் நிரந்தர உறுப்பினர் ஆனது. அது இன்ஜினியரிங்குக்கான ஒப்பந்தம். ஆனால் அதற்காக வந்த அவுட்கம் பேஸ்டு எஜுகேஷன் என்ற சட்டகம் எம்பிஏ வரைக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு கோர்ஸ் அவுட்கம். மொத்தப் படிப்புக்குச் சில புரோகிராம் அவுட்கம். எது எதோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று 1, 2, 3 போட்டு ஒரு அட்டவணை. பல இடங்களில் பரீட்சை மார்க்குக்கு 80 விழுக்காடு, மாணவர் கருத்துக்கணிப்புக்கு 20 விழுக்காடு. இலக்கு மதிப்பெண்ணை 60 விழுக்காடு மாணவர்கள் தாண்டினால் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி வகுத்தால் இரண்டு தசமத் துல்லியத்தோடு ஒரு எண் விழும்.

அந்த இலக்கு மதிப்பெண்ணை யார் வைக்கிறார்கள்? கல்லூரியே வைக்கிறது. கேள்வித்தாள் சுலபமா கஷ்டமா என்பது கணக்கில் எங்கே வருகிறது? வராது. உள்ளே வரும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருந்தது? அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆறு மாதம் அக்கவுண்ட்ஸ் பார்த்துவிட்டு வந்த பிகாம் பையனும், டேலியை முதல்முறை பார்க்கும் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி பெண்ணும் ஒரே சராசரியில் கரைந்துவிடுவார்கள்.

கமிட்டி வருவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு பேராசிரியர் போன் பண்ணினார். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அவர் தனி ஆள் இல்லை. "தம்பி, 1.8 வருது. போன வருஷம் 2.1 காட்டியிருக்கோம். இறங்கினா ஆக்‌ஷன் பிளான் எழுதணும். கொஞ்சம் பாருங்க." பார்த்தேன். எந்த எண் வேண்டும் என்று கொடுத்தால், இலக்கு மதிப்பெண்ணை எதில் வைக்கணும் என்று பின்னாலிருந்து கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பதினொரு வரி. டெமோவில் எல்லாருக்கும் பிடித்தது அதுதான். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்கள் அயோக்கியர்கள் இல்லை. எண் இறங்கினால் விளக்கம் கேட்கும், ஏறினால் ஒன்றும் கேட்காத ஒரு அமைப்பில் யார் இறக்கிக் காட்டுவார்கள்? அந்த பதினொரு வரியை எழுதியது என் கை. எழுத வைத்தது இந்த ஏற்பாடு. பாடத்திட்டத்தில் 'விளக்குக' என்று இருந்ததை 'மதிப்பிடுக' என்று மாற்றினால் ப்ளூம் 1956-ல் அடுக்கிய ஏணியில் மாணவர் ஒரே இரவில் நாலு படி ஏறிவிடுகிறார். நடத்துகிற பாடம், தருகிற நோட்ஸ், கேட்கிற கேள்வி மூன்றும் பழையதேதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வினைச்சொல் மாற்றிக்கொண்டிருக்கும் உதவிப் பேராசிரியருக்கு மறுநாள் நாலு வகுப்பு இருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. வணிகப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி 2003-லேயே கற்றலுக்கு நேரடி ஆதாரம் கேட்க ஆரம்பித்தது. மாணவர் செய்த வேலையை எடுத்துப் பார், கருத்துக்கணிப்பை மட்டும் நம்பாதே என்பதுதான் அதன் சாரம். அதற்கு முந்தின வருஷம் ஜெஃப்ரி ஃபெஃபரும் கிறிஸ்டினா ஃபாங்கும் எம்பிஏ பட்டத்துக்கும் அதில் வாங்கும் மார்க்குக்கும் பிற்கால வெற்றியோடு பெரிய தொடர்புக்கு ஆதாரமில்லை என்று எழுதியிருந்தார்கள். ஃபெஃபர் ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியிலேயே வேலை பார்ப்பவர்.

இதைச் சொன்னால் என் இலக்கிய நண்பர்களுக்கு உடனே குஷியாகிவிடும். "கல்வியை அளக்கவே முடியாதுடா, எக்ஸெல்லில் அடைக்கிறான் பாரு." எனக்கு அவர்கள் மேல்தான் இன்னும் கோபம். அளக்க முடியாது என்பது சொத்து உள்ளவன் பேச்சு. மெட்ராஸில் மாமா கம்பெனி இருக்கிறவனுக்கு எம்பிஏவில் என்ன கற்றோம் என்பது தத்துவக் கேள்வி. நாலு லட்சம் கல்விக்கடன் வாங்கி, அதற்கு அப்பாவின் முட்டைப் பணத்தில் வட்டி கட்டுகிறவளுக்கு அது கணக்குக் கேள்வி. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. என் சண்டை அளப்பதோடு இல்லை. அளவுகோலை விற்பவன் கையிலேயே கொடுத்திருப்பதோடுதான்.

வேறு எப்படி அளப்பது? பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். முதல் வாரத்தில் வகுப்புக்கு ஒரு பண்ணையின் பில்களைக் கொடுங்கள், அல்லது ஒரு லாரி பாடி பட்டறையின் நோட்டை. நாமக்கல்லில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. எந்தச் செலவுக்கும் பெயர் ஒட்டாமல் கொடுத்து, என்ன செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வாங்கி வையுங்கள். நாலாவது செமஸ்டரில் வேறொரு பண்ணை, வேறொரு நோட்டு. இரண்டையும் பெயரை மறைத்து, தேதியை மறைத்து, வெளி ஆட்கள் இரண்டு பேர் படிக்கட்டும். ஒருவர் பேராசிரியர், ஒருவர் கடன் கொடுக்கும் வங்கி மேனேஜர். எது முதல் வாரத்தது, எது கடைசி செமஸ்டரது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த இரண்டு வருஷத்துக்கு எந்த அட்டவணையும் பதில் சொல்லாது.

வேலைப்பளு என்பார்கள். இப்போது நிரப்புகிற கோப்புகளில் பாதியை நிறுத்தினாலே இதற்கு நேரம் கிடைக்கும், நான் அந்தக் கோப்புகளை எண்ணியிருக்கிறேன். அகநிலை மதிப்பீடு என்பார்கள். 'பொருத்தம் 3' என்று அட்டவணையில் போட்டது யாருடைய அகநிலை? இரண்டு பேர் படித்து மார்க் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஒவ்வாமை வெளியே தெரியும். 2.41-இல் எதுவும் வெளியே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த எண் தன் பேரில் போடப்பட்டிருப்பதே என் தங்கச்சிக்குத் தெரியாது. நான் காட்டியபோதுதான் பார்த்தாள். கோப்பு கமிட்டிக்காக, கமிட்டி சான்றிதழுக்காக, சான்றிதழ் அடுத்த வருஷ அட்மிஷன் பேனருக்காக. "நாங்க பதில் எழுதின பேப்பர் எங்கண்ணா இருக்கும்? எதுல தப்புப் பண்ணினேன்னு பாக்கணும்" என்றாள். இரண்டு வருஷத்தில் பரீட்சைத் தாள் ஒன்றுகூட அவள் கைக்குத் திரும்பி வந்ததில்லையாம்.

காலண்டர் தாளை அவள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் முட்டை விலை 4.55. ஷெட்டுக்குப் போய் ஒரு நாள் தீவனத்தை அவளே எடை போட்டுப் பார்த்திருக்கிறாள். நூறு கோழிக்கு 11 கிலோ இல்லை, சிந்துவது சேர்த்து 11 கிலோ 400 கிராம் போகிறது என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த 400 கிராமைச் சேர்த்தால் வண்டிக்குச் சொல்ல வேண்டிய விலை 4 ரூபாய் 50 காசுக்கு மேலே வந்துவிடுகிறது.