சங்கிலியைக் கழற்றுமுன் ஒரு சங்கதி

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் மளிகைக் கடை. கீழேயிருந்து சரக்கு ஏற்றிப் போக ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வண்டி.

"கச்சிராயபாளையம் வரை வண்டி ஒழுங்காகத்தான் போகிறது. கோமுகி அணைப் பக்கம் மலை ஏற ஆரம்பித்ததும் மூச்சு வாங்குகிறது. பழைய எஸ்டீம் காரின் என்ஜின் ஒன்று விலைக்கு வருகிறதாம்; அதைத் தூக்கிப் போட்டால் குதிரை மாதிரி ஏறுமாம். என் நாலு பவுன் சங்கிலியைக் கேட்கிறார். விடுமுறை நாட்களில் குழந்தைகளும் அந்த வண்டியில்தான் போகிறார்கள். கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

மோட்டார் சமாசாரம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நேயர்களே! என்ஜின் அவருடையது, சங்கிலி நம்முடையது அல்லவா?

அவருடைய ஆசையில் தப்பில்லை. 1985-இல் ஜிப்ஸி வெளிவந்தபோது அதன் என்ஜின் வெறும் 970 சி.சி. 1996-இல் 1298 சி.சி. என்ஜின் வந்தது. அதற்கும் கார்புரேட்டர்தான், சக்தி 60 குதிரை. 2000-இல் அதே 1298 சி.சி. அளவிலேயே, ஆனால் 80 குதிரை சக்தியோடு புது என்ஜின் வந்தது. பின்னாளைய எஸ்டீமில் இருப்பதும் இந்தக் குடும்பத்து என்ஜின்தான்.

அளவு மாறவில்லை, இருபது குதிரை எங்கிருந்து வந்தது? வால்வுகள் எட்டிலிருந்து பதினாறு ஆனது ஒரு காரணம். பெட்ரோலை அளந்து கொடுக்கும் முறையே மாறியது இன்னொரு காரணம். நம் சங்கிலி தப்புவதும் தப்பாததும் இந்த இரண்டாவது காரணத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது நம் ஊர்களில் கரி பஸ் ஓடியதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸின் என்ஜின் பழையதுதான். ஆனால் கரியிலிருந்து வாயு எடுக்க ஒரு பெரிய உலை, அந்த வாயுவை வடிகட்ட ஒரு ஏற்பாடு, அதைக் கொண்டுபோகக் குழாய்கள், உலையை விசிறி மூட்ட ஓர் ஆள் — இத்தனையும் சேர்ந்த பிறகுதான் பஸ் நகர்ந்தது. என்ஜின் என்பது வாய் மாதிரி. சாப்பாடு எப்படி வந்து சேரும் என்பதல்லவா முக்கியம்?

கார்புரேட்டர் கண்ணளவில் உப்புப் போடும் பழைய சமையற்காரரைப் போன்றது. சின்னக் கிண்ணம் ஒன்றில் பெட்ரோலைத் தேக்கி வைத்துக்கொண்டு, காற்று இழுக்கிற இழுப்புக்கு ஏற்ப விட்டுக்கொண்டே இருக்கும். புது என்ஜினில் அந்தக் கிண்ணம் கிடையாது. மெல்லிய ஊசிகள் பெட்ரோலைப் பீச்சுகின்றன. எப்போது, எவ்வளவு என்று ஒரு மின்னணுப் பெட்டி கணக்குப் பார்த்துக் கட்டளையிடுகிறது. மெக்கானிக்குகள் அதை 'இ.சி.எம்.' என்பார்கள், நாம் மூளைப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பெட்ரோல் வழியைப் பார்ப்போம். கார்புரேட்டருக்குச் சிறிய பம்பு மெதுவாகத் தள்ளினால் போதும். பீச்சும் ஊசிகளுக்கோ அதைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாத அழுத்தம் வேண்டும். ஆகவே மின்சாரப் பம்பு புதிதாக வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் குழாயும், அதற்கென்று உள்ள வடிகட்டியும், கிளிப்பும் வேண்டும். மிஞ்சிய பெட்ரோல் டாங்கிக்குத் திரும்ப ஒழுங்கான வழி வேண்டும். "பழைய ரப்பர் குழாய் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது கழன்றாலோ வெடித்தாலோ சூடான என்ஜின்மேல் பெட்ரோல் பீச்சும். போதாக்குறைக்கு, 2025 முதல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழங்கால ரப்பருக்கும் அதற்கும் ஒத்துக்கொள்வதில்லை. எத்தனாலுக்கு ஏற்ற குழாய்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மலைப் பாதைக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது டாங்கியிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். டாங்கி கால் பங்கே நிறைந்திருந்தால் பம்பு பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். கார்புரேட்டரில் கிண்ணத்தில் இருக்கிற மிச்சம் அந்த நேரத்தைச் சமாளித்துவிடும். புது என்ஜின் ஒரு கணம் கூடத் தாங்காது. சரக்கும் குழந்தைகளும் ஏறிய வண்டி ஏற்றத்தில் திக்கி நிற்கும்! இதற்காகத்தான் பம்பைச் சுற்றி எப்போதும் பெட்ரோல் தேங்கி நிற்க டாங்கிக்குள் சிறு தொட்டி போன்ற அமைப்பு வைக்கிறார்கள். பம்பு உள்ளே மூழ்கியிருப்பதில் இன்னொரு லாபம்: பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. டாங்கியை வற்றவிட்டு ஓட்டுகிற வழக்கத்தையும் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது மூளைப் பெட்டி. அது தனியாக எதுவும் செய்யாது. என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எந்த வேகத்தில் சுழல்கிறது, எவ்வளவு காற்று வருகிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றெல்லாம் சேதி சொல்ல அதற்கு ஒற்றர்கள் உண்டு. ஒவ்வோர் ஒற்றனுக்கும் வயர் உண்டு. மலையில் இதன் அருமை தெரியும். 3000 அடி உயரத்தில் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இளைத்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கொடுத்த கணக்கிலேயே மேலேயும் கொடுக்கும். மூளைப் பெட்டியோ காற்றின் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே என்ஜினை விலை பேசும்போது மூளைப் பெட்டி, ஒற்றர்கள், வயர்க் கட்டு ஆகிய மூன்றும் அதே காரிலிருந்து, வயரை எங்கும் வெட்டாமல் முழுசாக வர வேண்டும். சில கார்களில் சாவியிலேயே ரகசியம் இருக்கும். அந்தச் சாவி இல்லாவிட்டால் பெட்டி வாய் திறக்காது. எஸ்டீமில் என்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது, ஜிப்ஸியில் நெடுக்குவாட்டில். அதனால் வயரும் குழாயும் சில இடங்களில் எட்டாமல் போகும். எங்கே நீட்டுவது, பெட்டியை எங்கே மழைநீர் படாமல் உயரத்தில் வைப்பது என்பதை என்ஜினைத் தூக்கும் முன்பே காகிதத்தில் வரைந்து முடிவு செய்ய வேண்டும்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் நீங்களே செய்யக்கூடிய பரீட்சைகள் இரண்டு. சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பம்பு இரண்டு மூன்று வினாடி 'உம்'மென்று இரைந்து, தானே நிற்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது பம்பை நிறுத்துவது மூளைப் பெட்டியின் காவல் வேலை. நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால், யாரோ குறுக்கு வழியில் நேரே மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டி கவிழ்ந்து என்ஜின் நின்றாலும் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது: சாவி போட்டதும் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிய வேண்டும், வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பெட்டி ஏதோ முறையிடுகிறது என்று அர்த்தம். எரியவே இல்லை என்றால் முறையீட்டின் வாயை அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லியிருக்கிறது. என்ஜின் மாறினால் என்ஜின் எண் மாறும். எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு ஆணியைக் கூடக் கழற்றக் கூடாது. "இந்த என்ஜினுக்கு அனுமதி இல்லை" என்று அங்கே சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. அனுமதி கிடைத்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத என்ஜினோடு விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுக்கு அலைய நேரிடும்.

ஆக, சகோதரிக்கு என் யோசனை இதுதான். முதலில், இப்போதுள்ள என்ஜினுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், கார்புரேட்டர் தேய்ந்திருக்கலாம், கிளச் வழுக்கலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சங்கிலி தேவையில்லை, சில்லறை போதும். அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், அனுமதிக் காகிதம் வரட்டும். பிறகு ஒரு தாளில் என்ஜின் விலையை ஒரு பக்கமும், பம்பு, குழாய், டாங்கி வேலை, மூளைப் பெட்டி, வயர்க் கட்டு, பொருத்துக் கூலி இவற்றை மறு பக்கமும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். மறு பக்கம்தான் கனமாக இருக்கும், பாருங்கள்!

இரண்டு பக்கத்தையும் கூட்டிய தொகைக்கு உங்கள் சங்கிலி போதுமானால், தாராளமாகக் கொடுங்கள். முதல் பக்கத்துக்கு மட்டும் போதுமானால், அது கழுத்திலேயே இருக்கட்டும். பாதி வேலையில் பட்டறையில் நிற்கும் வண்டி மலை ஏறாது. அடகுக் கடையில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.